குழந்தை உங்களைத்தான் பார்க்கிறது: கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் தமிழ் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அங்கன்வாடி டீச்சர் பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், மகள் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. நான் நாக்கை நீட்டினால் அவளும் நீட்டுகிறாள். என்னைப் பார்த்துத்தான் செய்கிறாளா?

பதில்: இது இன்னும் தீராத வழக்கு, அம்மா. அப்படித்தான் என்று 1977-இல் மெல்ட்சாஃப், மூர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்த முதல் வாரங்களில் கவனித்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, அதற்குச் சான்று இல்லை என்று 2016-இல் சொன்னது. முடிவு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். அவள் நீட்டும்போது நீங்களும் நீட்டுங்கள், அவள் 'ங்கா' என்றால் நீங்களும் சொல்லுங்கள். இந்த வயதில் குழந்தையைப் பார்த்துப் பெரியவர்கள் செய்வதுதான் அதிகம்.

கேள்வி: பதினான்கு மாதப் பையன். நான் அரிசி புடைத்தால் முறத்தைப் பிடுங்குகிறான். விலை கொடுத்து வாங்கிய பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பதில்: பார்க்க மாட்டான். பொம்மையை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த வேலையும் செய்வதில்லையே! பெரியவர்கள் கருத்தாகச் செய்வது எதுவோ, அதுதான் அவனுக்கு வேண்டும்.

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் எல்லாத் தாய்மாருக்கும் சொல்வேன். உங்கள் மகன் வயதுக் குழந்தைகளின் முன்னால் ஒரு பெண், மேசைமேல் இருந்த விளக்கை நெற்றியால் அழுத்தி எரிய வைத்தார். அவர் கைகள் சும்மா இருந்தபோது பார்த்த குழந்தைகளில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு வாரம் கழித்துத் தாங்களும் நெற்றியால் அழுத்தின. அவர் குளிருக்குப் போர்வையைப் போர்த்தி இரு கைகளாலும் பிடித்திருந்தபோது பார்த்தவற்றில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அப்படிச் செய்தது. மற்றவை கையாலேயே அழுத்திவிட்டன. அவருக்குக் கை ஒழியவில்லை, நமக்கு ஒழிந்திருக்கிறது என்று குழந்தை கணக்குப் போட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வேறு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும், பார்த்ததை ஒரு வாரம் மனத்தில் வைத்திருந்தது பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது!

அதனால் அவனை விரட்டாதீர்கள். காலி முறம் ஒன்றைக் கொடுத்து எதிரில் உட்கார வையுங்கள். அவன் பார்க்கும்படி மெதுவாகப் புடையுங்கள். வேலை இரு மடங்கு நேரம் இழுக்கும், இழுக்கட்டும். அரிவாள்மனையை மட்டும் எடுத்து உயரே வையுங்கள். நம் பக்கத்தில் வேர்க்கடலை இல்லாத வீடு குறைவு. அது மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும், கைக்கெட்ட விடாதீர்கள்.

கேள்வி: ஒன்பது மாதக் குழந்தை. நாளை மலையாளமும் வேண்டுமே என்று செல்போனில் மலையாளப் பாட்டுப் போடுகிறேன். பலன் உண்டா?

பதில்: இல்லை, அம்மா. அமெரிக்காவில் இதே வயதுக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்த ஆய்வு 2003-இல் வந்தது. நேரில் விளையாடிப் பேசியவர்களிடமிருந்து அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சியின் மடியில் தினமும் சிறிது நேரம் விடுங்கள், மலையாளம் தானாக வரும். இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுடன் எப்போதாவது வீடியோவில் பேசுவதற்கு அதில் விலக்கு உண்டு.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரன் என்னைப்போலவே தடி ஊன்றி இருமுகிறான். மருமகள் கேலி என்று கண்டிக்கிறாள்.

பதில்: கேலி செய்யும் வயதா ஐயா அது? உங்கள்மேல் உள்ள ஒட்டுதல். சின்னக் குச்சியாக ஒன்று கொடுத்து உடன் நடக்க விடுங்கள்.

கேள்வி: எங்கள் சண்டையைப் பார்த்துக் குழந்தை பழகிவிடுமா? திட்டுவது அவளை இல்லையே.

பதில்: யாரைத் திட்டினாலும் அவள் அங்கே இருக்கிறாள். ஒருவர் ஒரு பொருளைக் கையாண்டதற்காக இன்னொருவர் அவரிடம் கோபப்பட்டதைப் பார்த்த ஒன்றரை வயதுக் குழந்தைகள், அந்தப் பொருளைத் தொடத் தயங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடிப்பதும் அப்படியே அவள் கைக்கு வரும். குரல் உயரும்போது ஒருவர் வாசலுக்குப் போய்விடுங்கள். சமாதானம் ஆவதை அவள் எதிரில் செய்யுங்கள்.

கேள்வி: பதினாறு மாதமாகிறது. டாட்டா காட்டுவதில்லை, கை தட்டுவதில்லை, எதையும் பார்த்துச் செய்வதில்லை.

பதில்: 'ஆண் குழந்தை, மெதுவாகத்தான் வருவான்' என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காது கேட்கிறதா என்ற சோதனையை முதலில் கேட்டு வாங்குங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, நீங்கள் கை நீட்டிய பக்கம் பார்க்கிறானா என்று கவனித்து, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.