பனி கொட்டும் விடுமுறை நாளில் கதகதப்பாக இருக்க எதன்மேல் எதை உடுத்துவீர்கள்?

நான் திருப்பூர்க்காரன். பனியன் ஊரில் பிறந்துவிட்டு பருத்தி பனியனைக் குறை சொல்லப் போகிறேன், ஊரில் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

நார்வே தலைநகர் ஒஸ்லோவுக்கு வந்த முதல் குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமை, மைனஸ் 8 டிகிரி. இங்கே ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். ஊரே காட்டுப் பக்கம் நடக்கக் கிளம்பிவிடும். நானும் மெட்ரோ 5-ஆம் எண் தடத்தில் ஏறி, கடைசி நிறுத்தமான சொங்ஸ்வான் ஏரிக்குப் போனேன். பருத்தி பனியன், டீ-ஷர்ட், ஜீன்ஸ், மேலே மெத்தை மாதிரி ஒரு ஜாக்கெட். ஏரியைச் சுற்றி வர மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாதி தூரத்தில் வியர்த்துக் கொட்டியது. கொஞ்சம் உட்காரலாம் என்று பெஞ்சில் அமர்ந்தேன். ஐந்தே நிமிடத்தில் முதுகில் ஐஸ் கட்டியை ஒட்டி வைத்ததுபோல் ஆகிவிட்டது. பருத்தி வியர்வையைக் குடிக்கும், ஆனால் லேசில் விடாது. ஜாக்கெட் எவ்வளவு தடியாக இருந்து என்ன பயன்?

இப்போது உடம்பை ஒட்டிப் போடுவது மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் தோலுக்கு ஈரம் தெரியாது. மெரினோ இழை மெலிது, அரிக்காது. வலை பனியன் போடுகிறவர்களும் உண்டு. முதலில் பார்த்தபோது சிரித்துவிட்டேன், நம்மூர் லாரி டிரைவர் அண்ணன்கள் போடும் அதே ஓட்டை பனியன்! 1933-ல் ஹென்ரிக் புருன் என்ற நார்வே ராணுவ அதிகாரி மீன்வலையைத் தைத்துப் பார்த்ததில் தொடங்கியதாம். அந்த ஓட்டைகளில்தான் விஷயமே இருக்கிறது: அங்கே அசையாமல் நிற்கும் காற்று உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும். ஒரே தடித்த துணியைவிட மூன்று மெல்லிய துணி மேல் என்பதும் இதனால்தான்.

அதன்மேல் ஸ்வெட்டர். என்னிடம் இருப்பது மாரியுஸ் வகை, நீலம் வெள்ளை சிவப்பு. 1953-ல் வந்த டிசைன், மாரியுஸ் எரிக்சன் என்ற பனிச்சறுக்கு வீரரின் பெயர். அழகுக்கு இது ஒன்று போதும், மற்றதெல்லாம் கறுப்பாக இருந்தாலும் போட்டோவில் எடுப்பாகத் தெரியும். வெளியே காற்றும் ஈரமும் புகாத மெல்லிய ஜாக்கெட், கொஞ்சம் தொளதொளவென்று. கீழே கம்பளி லெக்கிங்ஸ், அதன்மேல் சாதாரண பேன்ட். ஜீன்ஸ் வேண்டாம், அதுவும் பருத்திதான்.

காலில் பலரும் தப்பு செய்வார்கள். இரண்டு சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கினால் காற்றுக்கு இடமே இருக்காது, விரல் மரத்துப்போகும். ஒரே கம்பளி சாக்ஸ், ஒரு சைஸ் பெரிய பூட்ஸ். தலைக்குக் குல்லா, கழுத்துக்கு மஃப்ளர், அவ்வளவுதான்.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடம் நடந்தால் சரியாகிவிடும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஏதோ ஒன்று அதிகம், கழற்றிப் பையில் வையுங்கள். மெட்ரோவுக்குள் எப்படியும் ஜிப்பைத் திறக்க வேண்டிவரும்.

அம்மா ஊரிலிருந்து யார் வந்தாலும் அரை டஜன் பனியன் கொடுத்து அனுப்புகிறார். வீணாகவில்லை. ஏரியைச் சுற்றிவிட்டு வந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டியபின், 22 டிகிரி ஹீட்டர் சூட்டில் பனியனும் லுங்கியும்தான்.