டிரெக்டரியில் பெயர் இருந்தால் வீடு அவருடையதா?

கேள்வி: யாழ்ப்பாணம் பிரதான வீதியில் அம்மம்மா வழி வந்த பழைய கல்வீடு எங்களுடையது. 1920களின் பெர்குசன் டிரெக்டரியில் (ஆட்களின் பெயர், தொழில், முகவரி தொகுத்த பழைய ஆங்கில ஆண்டு நூல்) அதே வீதியில், நாங்கள் அறியாத ஒரு வியாபாரியின் பெயர் இருக்கிறது. 'அவர்தான் பழைய சொந்தக்காரர். உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, தாருங்கள், முழுச் சரித்திரமும் எடுத்துத் தருகிறேன்' என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா?

பதில்: மூல உறுதியை யார் கையிலும் கொடுக்காதீர்கள். காட்டத்தான் வேண்டுமென்றால் போட்டோப் பிரதி போதும். ஓர் இரவுக்கென்று கொடுத்த உறுதிக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். மங்கிய பக்கமொன்றைக் காட்டிப் பயமுறுத்திக் காசு கறப்பதே இந்தத் தரகர்களின் பிழைப்பு.

டிரெக்டரி உரிமைப் பத்திரம் அல்ல. இன்னார் இங்கே இருந்தார், இன்ன தொழில் செய்தார், அவ்வளவுதான். வாடகைக்கு இருந்தவரும் அதில் வருவார். எழுத்துக்கூட்டலையும் நம்பாதீர்கள்: கந்தையாவை ஆங்கிலத்தில் 'கே'யிலும் எழுதுவார்கள், 'சி'யிலும் எழுதுவார்கள்.

சீதன வீடுகளின் கதை வேறு. எங்கள் ஊரில் வீடு மகளுக்குப் போகும். 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே சீதனம் இருக்கிறது. டிரெக்டரியிலோ பெரும்பாலும் தொழில் செய்த ஆணின் பெயர்தான். உறுதி மனைவி பேரில், டிரெக்டரியில் கணவன் பேர். அவர் வேறு ஊரிலிருந்து வந்த மருமகனென்றால், வீடு கைமாறியது போலவே தோன்றும். விற்பனையே நடந்திராது! உங்கள் வீடு அம்மம்மா வழி வந்தது என்கிறீர்கள். அந்த வியாபாரி அம்மம்மாவின் தகப்பனாராகவே இருக்கலாம். ஆகவே பெண்களின் பெயரைப் பிடித்துத் தேடுங்கள்: அம்மம்மாவின் சீதன உறுதி, பிறகு அவருடைய தாயாரின் உறுதி.

உறுதியில் வீட்டிலக்கத்தை விடுங்கள். காணிப் பெயர், பரப்பு, குழி என்ற நில அளவு, நான்கெல்லை, இவைதான் முக்கியம். எல்லைக்காரர்களில் ஒருவராக அந்த வியாபாரி நின்றால் அவர் அயலவர். காணிப் பதிவகத்தில் நீங்களே விண்ணப்பித்துத் தேடலாம்.

மற்ற ஆண்டுகளின் டிரெக்டரிகளுக்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குத்தான் போகவேண்டிவரும். 1981இல் எங்கள் பொது நூலகத்தோடு 97,000 வரையான நூல்கள் எரிந்தன. நாற்பது வருடம் கடந்தும் ஒரு பக்கம் பார்க்க 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போகிறோம். பிரதியெடுத்து இங்கே வைக்க என்னதான் தடை?

போனால் ஒரு வருடத்தோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பெயர் எந்த ஆண்டு முதல் வருகிறது, எந்த ஆண்டோடு நிற்கிறது என்று குறித்து, சீதன உறுதியின் திகதியோடு வைத்துப் பாருங்கள்.