தையல்நாயகி என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை. பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. கணவருடைய பாட்டி பெயர் தையல்நாயகி. அதையே வைக்கலாம் என்கிறார் அவர். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ரொம்பப் பழைய பெயராயிற்றே, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களோ என்று பயம். இந்தக் காலத்தில் யாராவது வைத்திருக்கிறீர்களா?

பதில்:

நான் வைத்திருக்கிறேன். என் மகள் பெயர் தையல்நாயகி. இப்போது ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். தாராளமாக வையுங்கள். ஆனால் வைத்தால், அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். சர்டிபிகேட்டில் தையல்நாயகி, வீட்டில் ஸ்வீட்டி என்று இரண்டாகப் பிரித்துவிடாதீர்கள். நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் அதற்கு என் அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயிதான் காரணம்.

அப்பாயி பிறந்தது வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில். வாழ்க்கைப்பட்டது திருவாரூர்ப் பக்கம். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது அவருடைய அம்மா கோயிலுக்குப் போய், உப்பும் மிளகும் கொட்டி, சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்து, "இது தங்கினா ஒம்பேரையே வைக்கிறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டாராம். தங்கியது. எண்பத்தி மூன்று வயது வரைக்கும் தங்கியது.

எங்கள் பக்கம் இந்தப் பெயர் வந்த வழி பெரும்பாலும் இதுதான். அங்கே சாமி வைத்தியநாதர், நோய் தீர்க்கிறவர். அம்மன் தையல்நாயகி, கையில் தைலப் பாத்திரத்தோடு கூடவே வருகிறவள் என்று சொல்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், கட்டி, அம்மை எதுவானாலும் வேண்டுதல் அங்கேதான். அதனால் ஒரு வீட்டில் வைத்தியநாதன் இருப்பார், இன்னொரு வீட்டில் முத்துக்குமார் இருப்பார், தெருவுக்கு ஒரு தையல்நாயகி இருப்பார். முத்துசுவாமி தீட்சிதருக்குக்கூட அந்தப் பெயர் வந்தது, அவருடைய அப்பா அம்மா அந்தக் கோயில் முத்துக்குமாரசுவாமியை வேண்டிக்கொண்டு அவர் பிறந்ததால்தான் என்பார்கள். அம்மனுக்கு வடமொழியில் பாலாம்பிகை. தீட்சிதர் அந்தப் பெயரில் பாடியிருக்கிறார். செட்டிநாட்டு நகரத்தார் சித்திரை மாதத்தில் அத்தனை வெயிலில் கூட்டம் கூட்டமாக நடந்தே வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வருகிறார்கள். அதனால் காரைக்குடிப் பக்கமும் இந்தப் பெயர் உண்டு.

அந்தக் காலத்தில் காவிரிக் கரையில் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாலே ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். நீலாயதாட்சி என்றால் நாகப்பட்டினம். அபயாம்பாள் என்றால் உங்கள் மாயவரமேதான். கமலாம்பாள் திருவாரூர், மங்களாம்பாள் கும்பகோணம், அபிராமி திருக்கடையூர், செங்கமலம் மன்னார்குடி. அப்பாயி புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில், பெயரைக் கேட்டவர்கள் எல்லோரும் அடுத்தபடியாகக் கேட்டது, "வைத்தீஸ்வரன் கோயில் பக்கமா?" என்பதுதானாம். பிறந்த ஊரை விட்டு வந்தவளுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். இப்போது வைக்கிற பல பெயர்களில் குழந்தை எந்த மாநிலம் என்றுகூடத் தெரிவதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

சரி, பெயரின் பொருளுக்கு வருகிறேன். கேலி செய்கிறவர்கள் பிடித்துக்கொள்வது 'தையல்' என்ற சொல்லைத்தான். என் மகளையும் மூன்றாம் வகுப்பில் 'டெய்லர்' என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். அன்று இரவு அகராதியை எடுத்து இரண்டு பேருமாகப் பார்த்தோம். தைப்பது, அலங்காரம், அழகு, பெண் என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஒரே சொல்லில் இத்தனை இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியம். தையல்நாயகி என்றால் பெண்களின் தலைவி என்று வைத்துக்கொள்ளலாம், அழகின் தலைவி என்றும் வைத்துக்கொள்ளலாம். 'டெய்லருக்கும் தலைவி' என்று அவளே ஒன்று சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த தொல்லை ஆத்திசூடியில் வந்தது. ஔவையார் 'தையல் சொல் கேளேல்' என்று எழுதியிருக்கிறாரே, அதைக் கண்டுபிடித்த பையன்கள் இவள் எது சொன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் பாரதியாரின் புதிய ஆத்திசூடியைக் கொடுத்தேன். அதில் 'தையலை உயர்வு செய்' என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வரி என்ன தெரியுமா? 'தொன்மைக்கு அஞ்சேல்'. பழைய பெயராயிற்றே என்று நீங்கள் கேட்டதைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வரிதான். மகள் இரண்டு வரியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டாள். அப்புறம் கேலி தானாக ஓய்ந்துவிட்டது. இப்போது வகுப்பில் மூன்று தன்யாக்கள் இருக்கிறார்கள், இனிஷியல் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. தையல்நாயகி ஒருத்திதான்.

இனி அப்பாயிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அவருடைய பித்தளைத் தூக்கு ஒன்று இருக்கிறது. கல்யாணச் சீரில் வந்தது. வாயை ஒட்டிக் கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். வெட்டியவர் 'தை' என்ற எழுத்தை அவ்வளவு பெரிதாக ஆரம்பித்துவிட்டார், போகப் போக இடம் போதவில்லை. 'தையல்நா' வரைக்கும் ஒரு வரி, 'யகி' மட்டும் கீழே, பிடி பொருத்திய ஆணிக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு இருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மேல் வரிப் புள்ளிகள் மழுங்கிவிட்டன. ஆணிக்குப் பக்கத்தில் தேய்க்கிற கை சரியாகப் போகாததால் 'யகி' மட்டும் நேற்று வெட்டினது மாதிரி இருக்கிறது.

எண்பத்தி மூன்று வருஷத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரெல்லாம் கூப்பிட்டார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். தாத்தா கூப்பிட்டதில்லை. அவருக்கு எப்போதும் "இந்தா"தான். மாமியார் வீட்டில் 'வைத்தீஸ்வரன் கோயில்காரி'. பிள்ளை பிறந்ததும் 'பெரியவன் அம்மா'. பேரப்பிள்ளைகளுக்கு அப்பாயி. பெயரைச் சொன்னவர்கள் ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துக் கூப்பிடுகிறவர், அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்டுச் சொல்கிற குருக்கள், அப்புறம் பொங்கல் சீரோடு வருகிற அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன். அவர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு "தையலூ" என்று ஒரு குரல் கொடுப்பார். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அப்பாயி ஓடிவருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் அவர் வேறு எதற்கும் ஓடியதில்லை.

என் அம்மா விஷயம் இன்னும் கஷ்டம். மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம். அதனால் 'தையல்' என்ற சொல்லே அவர் வாயில் வராது. தையல் மிஷின் 'துணி அடிக்கிற மிஷின்' ஆகிவிடும். சட்டையில் தையல் பிரிந்தால் 'மூட்டு விட்டுப்போச்சு'. நான் பைக்கில் விழுந்து முழங்காலில் நாலு தையல் போட்டுக்கொண்டு வந்தபோது, அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் "நாலு எடத்துல இழுத்துக் கட்டியிருக்காங்க" என்றார்.

மகளுக்கு அப்பாயி பெயரை வைத்தபோது அப்பாயி இல்லை, போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெயர் சூட்டுகிற அன்று எல்லோரும் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னோம். அம்மா முறை வந்ததும் குனிந்தார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதன் பிறகு மூன்று வருஷம் அவருக்குப் பேத்தி 'பாப்பா'தான்.

பாலர் வகுப்பில் சேர்த்த பிறகு ஒருநாள் நான் போக முடியாமல் அம்மா கூப்பிடப் போனார். கேட்டில் புது டீச்சர். எந்தக் குழந்தை என்று கேட்டிருக்கிறார். அம்மா "எங்க பாப்பா" என்றிருக்கிறார். "இங்க எல்லாமே பாப்பாதான் பாட்டி, பேரு சொல்லுங்க." உள்ளே குழந்தை பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. கூப்பிட்டால்தான் விடுவார்கள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தையல்நாயகி என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வாய் கூசுச்சுடா. ஆனா எம்புள்ள ஓடியாந்துச்சு." இப்போது கொல்லையிலிருந்து தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் மாமியாருக்கு இந்தச் சிக்கல் இருக்கும், உங்கள் கணவருடைய பாட்டி அவருக்கு மாமியாரோ அம்மாவோ ஆகவேண்டுமே. மாமியார் முறை என்றால் அவசரப்படுத்தாதீர்கள். 'நாயகி' என்று கூப்பிடச் சொல்லுங்கள், அது எளிதாக வாயில் வரும், அதுவும் பெயரில் பாதிதான். தையலு, தைலா என்றும் எங்கள் பக்கம் சுருக்குவார்கள். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், பெயருக்குள்ளிருந்து வந்த சுருக்கமாக இருக்கட்டும்.

சில நடைமுறை விஷயங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பெயர் அப்போதே முடிவாகியிருக்க வேண்டும் என்று இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரைக்கும் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை முதலிலேயே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். 'தை'க்கு ஒருவர் ஐ ஒய் இரண்டையும் போடுவார், ஒருவர் ஒய் மட்டும் போடுவார். நாயகிக்கு ஒருவர் ஜி, ஒருவர் கே. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துதான் இருக்க வேண்டும். முக்கியமாக, இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதாதீர்கள். ஒரு அலுவலகத்தில் என் மகளுக்குத் தையல் என்று பெயரும் நாயகி என்று குடும்பப் பெயரும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதைத் திருத்த மூன்று முறை அலைந்தேன்.

இப்போதே இரண்டு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். பதிவை முடித்துவிட்டு, பெயரைக் காகிதத்தில் எழுதுவதற்கு முன்னால் ஒரு மாதம் வீட்டில் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். குளிப்பாட்டும்போது, தொட்டில் ஆட்டும்போது, முழுசாக.