பர்னாந்து: ஃபெர்னாண்டோவா, ஃபெர்னாண்டஸா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து, சொந்த ஊர் மணப்பாடு. துபாயில் என்னோடு வேலை பார்க்கும் கோவாக்காரர், “நீங்களும் போர்த்துக்கீசிய வழிதானா?” என்று கேட்கிறார். அப்பாவின் சான்றிதழ்களில் ஃபெர்னாண்டோ, சித்தப்பாவுக்கோ ஃபெர்னாண்டஸ். எது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வழி போர்த்துக்கீசியம் அல்ல, பெயர் மட்டும்தான். முத்துக்குளித்துறை எனப்படும் நம் தூத்துக்குடிக் கரையில் முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்களோடு மூண்ட சண்டையில் பாதுகாப்புத் தேடி, 1535-ல் கடலோடிகளான பரதவரின் தூதுக்குழு ஒன்று கொச்சிக்குப் போய் போர்த்துக்கீசியரிடம் உதவி கேட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வேம்பாறு முதல் கன்னியாகுமரி வரை ஊர் ஊராக ஞானஸ்நானம். பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்ததே 1542-ல்தான். ஞானஸ்நானத்தோடு வந்தவைதாம் இந்தப் பெயர்கள். பெயர் ஒன்று என்பதற்காக இரத்தமும் ஒன்றாகிவிடாது. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு பர்னாந்து வீடுகளுக்கே உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. அப்படியிருக்க போர்ச்சுகலின் லிஸ்பன் எங்கே!

பெயரின் வேர் இன்னும் பழையது. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் ஆண்ட விசிகோத்துகளின் ஜெர்மானியப் பெயர் அது. பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதியைப் பயணம் என்பாரும் உண்டு, அமைதி என்பாரும் உண்டு. போர்ச்சுகலில் ஃபெர்னாண்டோ என்பது ஆளின் பெயர், ‘ஃபெர்னாண்டோவின் மகன்’ என்பதுதான் ஃபெர்னாண்டஸ். கோவாவில் மகன் வடிவம் நிலைத்தது. நம் கரையிலும் இலங்கையிலும் பெரும்பாலும் ஆள்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ரொட்ரிகோவும் அப்படித்தான், கோவாவில் அது ரோட்ரிக்ஸ். மற்றபடி நம் கடற்கரைப் பெயர்களில் வீட்டுச் சாமானும் மரமும் நிறைய: பெரேரா பேரிக்காய் மரம், மச்சாது கோடரி, கல்தேரா கொப்பரை.

இலங்கையில் இந்தப் பெயர் மிகப் பரவலானது. நீர்கொழும்பு, சிலாபம், மொரட்டுவ என்று மேற்குக் கரை நெடுகப் பார்க்கலாம். அங்கே இதை வைத்து மதத்தையோ மொழியையோ கண்டுபிடிக்க முடியாது, பௌத்தச் சிங்களவரிலும் ஃபெர்னாண்டோ ஏராளம். வர்ணகுலசூரிய என்பதுபோல முன்னால் ஒட்டியிருக்கும் பெயர்தான் குலத்தைச் சொல்லும்.

உங்கள் வீட்டுக் குழப்பத்துக்குக் காரணம் தமிழ் எழுத்து என்றே நினைக்கிறேன். ‘பர்னாந்து’ இரண்டு வடிவத்துக்கும் பொது. தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் தமிழில் குரூஸ் பர்னாந்து, ஆங்கிலத்தில் குரூஸ் ஃபெர்னாண்டஸ். பள்ளியில் சேர்க்கும்போது தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் தம் காதுக்குப் பட்டதை எழுதியிருப்பார். அண்ணன் ஓர் ஆசிரியரிடம், தம்பி இன்னொருவரிடம். அவ்வளவுதான் விஷயம்.

எது சரி என்பதற்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். பெயர், தோராயமான ஆண்டு, தெரிந்தால் ஞானத்தந்தையின் பெயர் ஆகியவற்றோடு போனால் தேடுவது எளிது. பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கலாம். தந்தை பெயர் ‘பிரான்சிஸ்கி’ என்று இருந்தால் அது புதுப் பெயரல்ல. ‘பிரான்சிஸ்குஸின்’ என்ற வேற்றுமை உருபு, அவ்வளவே. இதைத் தனிப் பெயராக எழுதிக்கொண்டு இல்லாத தாத்தாவைத் தேடி அலைபவர்கள் உண்டு. ஒரு பதிவோடு நிறுத்தாமல் தாத்தாவின் திருமணப் பதிவு வரை பாருங்கள், மூன்று இடத்தில் ஒரே வடிவம் வந்தால் நம்பலாம்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அங்கேதான் பலர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, பர்னாந்துவைச் சொந்தப் பெயரோடு ஒட்டிவிடுகிறார்கள். பிறகு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துவராது, விசாவில் இழுபடும். சித்தப்பாவின் எல்லாத் தாள்களிலும் ஃபெர்னாண்டஸ் என்றே இருந்தால் அவரை மாற்றச் சொல்லாதீர்கள்.