கார் கேள்வி–பதில்: டிக்கிக்குக் கீழே ஒரு விரிசல்

பிஎம்டபிள்யூ இ46 எம்3 காரின் பின் தளத்தகடு கிழிவது பற்றியும், உத்தரவாதம் முடிந்த பிறகும் தயாரிப்பாளர் செலவை ஏற்கும் 'குட்வில்' பற்றியும் பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த கேள்விகள் இந்த இதழில்.

எம்3 வாங்கப் போகிறேன் என்றாலே "பின்பக்கம் கிழியும்" என்று பயமுறுத்துகிறார்கள். கிழிவது எது? ஏன்?
– வாசகர், ஹாரோ

கிழிவது சப்ஃபிரேம் அல்ல, அதைத் தாங்கும் தகடு. பின் சக்கரங்களைப் பிடிக்கும் கைகளையும், எஞ்சின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் சுமக்கும் இரும்புச் சட்டம்தான் சப்ஃபிரேம். நான்கு ரப்பர் புஷ் (அதிர்வை விழுங்கும் உருளைகள்), நான்கு போல்ட் வழியாக அது காரின் அடித்தளத்தில் தொங்குகிறது. அப்படிப் பொருந்தும் இடங்கள்தான் மவுண்ட். போல்ட் ஏறும் அந்தத் தளம் மெல்லிய தகடு. பக்கத்துச் சட்டங்களோடு ஸ்பாட் வெல்டால், அதாவது புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டி, சேர்க்கப்பட்டது.

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். சப்ஃபிரேமும் கூடவே திருகும். முன் மவுண்ட் இரண்டும் தகட்டை மேலே தள்ளும், பின் மவுண்ட் இரண்டும் கீழே இழுக்கும். காலை எடுத்தால் எல்லாம் தலைகீழ். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதேதான். இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 365 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 4.23, டிஃபரன்ஷியல் 3.62, பெருக்கிப் பாருங்கள், சக்கரத்துக்குப் போவது ஐந்தரை ஆயிரம் நியூட்டன் மீட்டருக்குப் பக்கம். அத்தனைக்குமான எதிர்விசை அந்த நான்கு போல்ட்டில் இறங்குகிறது. ரேஸ் ஓட்டாதவர் காரிலும் விரிசல் வருவதற்குக் காரணம் இதுதான். நெரிசலில் மிதித்து விட்டு, மிதித்து விட்டு ஓட்டுவதும் தகட்டுக்கு அதே வளைவுதான், அளவுதான் குறைவு.

முதலில் போவது மவுண்ட்டுகளைச் சுற்றியுள்ள தகடு. எம்3 மட்டுமல்ல, அதே இ46 வரிசையின் 323, 328, 330 எல்லாவற்றிலும் அடிப்படை அமைப்பு ஒன்றே. 2000 முதல் 2006 வரை வந்த எம்3-இல் சக்தி அதிகம், ஆகவே பேச்சும் அதிகம்.

எம்ஓடி என்னும் வருடாந்தரத் தகுதிச் சோதனையில் போன மாதம்தான் தேறிய கார். அது போதாதா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

போதாது. சப்ஃபிரேம் மவுண்ட்டிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் தளம் கடுமையாகத் துருப்பிடித்தோ பிளந்தோ இருந்தால் கார் எம்ஓடியில் தோற்கும் என்பது சரி. ஆனால் சோதனையாளர் எதையும் கழற்றக் கூடாது. இணைப்புகளை அடைக்கும் சீலன்ட் பசையை உரிக்கவும் கூடாது. இந்த விரிசலோ சீலன்ட்டுக்குள் ஒளிந்திருக்கும், அல்லது சப்ஃபிரேமின் தோளுக்குப் பின்னால்.

வாங்குமுன் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். டார்ச்சோடு நான்கு மவுண்ட்டையும் சுற்றிப் பாருங்கள். சீலன்ட்டில் தலைமுடி போல ஒரு கோடு, கோட்டில் பழுப்புத் துருக்கசிவு, புதிதாகப் பூசிய கறுப்பு பெயின்ட் மட்டும் பளபளப்பது, இவை மூன்றும் சந்தேகத்துக்குரியவை. மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்தும். பிறகு டிக்கிக் கார்ப்பெட்டையும் பின் சீட்டின் அடிப்பாகத்தையும் தூக்கி மேலிருந்தும் பாருங்கள். விட்டுப்போன ஸ்பாட் வெல்டுகள் வட்டக் குழிகளைச் சுற்றி பெயின்ட் வெடித்துக் காட்டிக் கொடுக்கும்.

ஓட்டும்போது கிளட்ச் பிடிக்கும் கணத்தில் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம், மேடு பள்ளத்தில் தகர டப்பாவை அழுத்தியது போல 'டிக்' சத்தம் வந்தால் கவனியுங்கள். தேய்ந்த புஷ்ஷும் டங் என்று சொல்லும், அதனால் சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

உறுதியான பரிசோதனை ஒன்றே: சப்ஃபிரேமை இறக்கி, சீலன்ட்டை உரித்து, தகட்டைப் பளபளவென்று தேய்த்த பின் சிவப்புச் சாயம் பூசுவது. பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். பெயின்ட்டின் மேல் சாயம் அடித்துவிட்டு "விரிசல் இல்லை" என்பது வீண் வேலை.

ஜெர்மனியில் குலான்ஸ் என்கிறார்கள், பிரிட்டனில் குட்வில். இது நமக்குள்ள உரிமையா, அவர்கள் போடும் பிச்சையா?
– வாசகர், டோர்ட்மண்ட்

உரிமை அல்ல. பிச்சை என்று சொல்லவும் மனம் வரவில்லை. வியாபாரக் கணக்கு என்பதே பொருத்தம். ஜெர்மன் மொழியில் மூன்று சொற்கள் இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன. கெவேர்லைஸ்டுங் என்பது சட்டப்படி விற்றவர் தலையில் விழும் பொறுப்பு. கரன்டீ என்பது தயாரிப்பாளர் எழுதிக்கொடுக்கும் வாக்குறுதி. இரண்டும் முடிந்த பிறகு, விரும்பினால் செய்வது குலான்ஸ். முதல் இரண்டுக்கும் வழக்குப் போடலாம், மூன்றாவதற்கு முடியாது. பாதுகாப்புக்காகத் திரும்ப அழைக்கும் 'ரீகால்' வேறு கதை. பிரிட்டனில் அதற்கான பழுதுபார்ப்பு இலவசம். பதிவு எண்ணைக் கொடுத்து அரசுத் தளத்தில் பார்க்கலாம்.

குட்வில்லில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை காரின் வயது, ஓடிய மைல், சர்வீஸ் எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் நடந்ததா என்பது, பழுது ஓட்டியவர் கைங்கரியமா தயாரிப்புக் கோளாறா என்பது. கார் பத்து வயதுக்குள் இருந்த காலத்தில் சர்வீஸ் புத்தகம் நிறைந்திருந்த எம்3-களுக்குப் பிரிட்டனில் இது பலருக்குக் கிடைத்தது. இன்று கடைசி எம்3-க்கே இருபது வயதாகிறது. கேட்பதில் தவறில்லை, ஆனால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

இதைவிட இளைய காரில் இதுபோலப் பரவலாக அறியப்பட்ட கட்டமைப்புக் கோளாறு இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் டீலரின் பட்டறையில் பரிசோதனைக் கட்டணம் கட்டி, விரிசல் இருக்கும் இடம், நீளம் எழுதிய அறிக்கை வாங்குங்கள். சேசிஸ் நம்பர், மைல் மீட்டர், பக்கத்தில் அளவுகோல் வைத்த விரிசல், மூன்றையும் படம் எடுங்கள். டீலரே தயாரிப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். டீலர் மெத்தனம் காட்டினால் அதே ஆவணங்களோடு தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நீங்களே எழுதி, கோப்பு எண் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பதில் "இல்லை" என்று வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: முடிவு வருமுன் வெளிப் பட்டறையில் தகடு வைத்து வெல்டு செய்துவிடுவார்கள். அதன் பிறகு தயாரிப்பாளர் பார்க்க மூலப்பழுது எங்கே இருக்கிறது? "யாரோ கை வைத்துவிட்டார்கள்" என்ற ஒரு வரியில் கோப்பை மூடிவிடுவார்கள்.

சம்மதித்தால் விழுக்காட்டைக் கவனியுங்கள். "நூறு சதவீதம் பாகங்கள்" என்றால் காது குளிரும். ஆனால் இந்த வேலையில் செலவெல்லாம் கூலிதான். கூலியில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

பார்க்கும் காருக்கு '2010-இல் குட்வில்லில் சரிசெய்யப்பட்டது' என்று ரசீது இருக்கிறது. பிரச்சினை தீர்ந்த காரா?
– வாசகர், லெஸ்டர்

ரசீதில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு விதமான பழுதுபார்ப்பு நடந்தது.

ஒன்று, தகட்டின் உட்குழிவுக்குள் கெட்டியாகும் ஃபோமை ஊசி போல ஏற்றுவது. தகடு வளைவதை ஃபோம் குறைக்கும், ஆனால் விட்டுப்போன ஸ்பாட் வெல்டை ஒட்டாது, இருக்கும் விரிசலை மூடாது. விரிசல் தொடங்காத காருக்கு அது உதவி. தொடங்கிய காருக்கு அவகாசம், அவ்வளவே. இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னாளில் யாராவது அங்கே வெல்டு செய்தால் ஃபோம் எரிந்து நச்சுப் புகை கிளம்பும், வெல்டு கெடும். எனவே ஃபோம் அடித்த காருக்கு வெல்டிங் கேட்டால் முதலிலேயே பட்டறைக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு, நடுவில் புகை வந்து வேலை நிற்பது சகஜம்.

இரண்டாவது, கிழிந்த தளப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகடு பொருத்துவது. பெரிய வேலை. பின் ஆக்சில், சைலன்சர், உள் அலங்காரம் எல்லாம் இறங்க வேண்டும். இது நடந்த காரில் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பூஜ்யத்திலிருந்துதான், நின்றுவிடவில்லை. புதிய தகட்டின் அமைப்பும் பழையதே. 2010-இல் மாற்றியது என்றால் அதுவும் இப்போது பதினைந்து வயதைத் தாண்டியது.

'ரியர் ஆக்சில் ரிப்பேர்' என்று மட்டும் எழுதிய ரசீது எதற்கும் சான்று ஆகாது. பாக எண்களைப் பார்த்து, தளத்தகடு அதில் இருக்கிறதா என்று டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

நல்ல பட்டறை ஒன்று தகடு வைத்து வெல்டு செய்து தருகிறேன் என்கிறது. வேலை சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், பர்மிங்ஹாம்

படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும். மூடிய பிறகு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதல் படம், சப்ஃபிரேம் முழுதாகக் கீழே இறங்கியது. ஒரு பக்கம் மட்டும் தாழ்த்தி, இடுக்கில் வெல்டிங் டார்ச்சை விட்டு வெல்டு செய்வது ஏமாற்று. டிக்கியில் உள்ள பேட்டரி கழற்றப்பட்டிருக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் முன் மவுண்ட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அதையும் இறக்குவதே முறை.

இரண்டாவது, சீலன்ட்டும் பெயின்ட்டும் போய் வெள்ளி நிறம் தெரியும் தகடு, விரிசலின் இரு நுனியையும் தாண்டி இரண்டு மூன்று செ.மீ. வரை. விரிசலின் ஒவ்வொரு நுனியிலும் 3 மி.மீ. துளை. இது இல்லாமல் வெல்டு செய்தால் விரிசல் வெல்டைத் தாண்டி நடந்துகொண்டே இருக்கும். அதன்பின் விரிசலை வி வடிவில் விரித்து, சிறு சிறு துண்டாக 'மிக்' (கம்பி ஊட்டும் மின்) வெல்டு. ஒரே மூச்சில் இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். விட்டுப்போன ஸ்பாட் வெல்டுகளையும் துளையிட்டு நிரப்ப வேண்டும்.

அப்புறம்தான் வலுவூட்டும் தகடு, நான்கு மவுண்ட்டுக்கும் ஒன்று. கிழிந்தது ஒன்றே என்றாலும் நான்கும் போடுங்கள். தகட்டின் தடிமனைவிட முக்கியம் அது எங்கே முடிகிறது என்பது. மெல்லிய தளத்தின் நடுவில் தடித்த தகடு முடிந்தால் அடுத்த விரிசல் அந்த ஓரத்திலேயே தொடங்கும். தகடு பக்கச் சட்டத்தின் செங்குத்துச் சுவர்வரை ஏறிப் பிடிக்க வேண்டும். நிறைய ஓட்டுபவர்கள், ட்ராக்குக்குப் போகிறவர்கள், டிக்கிப் பக்கத்திலிருந்து மவுண்ட்டுகளைச் சட்டத்தோடு இணைக்கும் மேல்கம்பியும் போடுவது நல்லது. கீழ்த்தகடு விசையைப் பரப்புகிறது, மேல்கம்பி அதை வேறிடத்துக்குக் கொண்டுபோகிறது.

கடைசிப் படம், பலர் மறப்பது: பிரைமர், சீம் சீலர், அதற்குப் பிறகு குழிவுக்குள் மெழுகு. வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்துபோயிருக்கும். மெழுகு ஏற்றாவிட்டால் நாலைந்து குளிர்காலத்தில் உள்ளிருந்து துரு தின்றுவிடும்.

சப்ஃபிரேம் கீழே இருக்கும்போதே அதன் நான்கு புஷ், டிரெயிலிங் ஆர்ம் புஷ் இரண்டு, துருப்பிடித்த பிரேக் குழாய்கள், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். போல்ட் புதிது. வேலை முடிந்ததும் நான்கு சக்கர அலைன்மென்ட்.

தகடு வைக்காமல் பாலியூரித்தேன் புஷ் மட்டும் போட்டால் போதுமா?
– வாசகர், குராய்டன்

போதாது. கடின புஷ் ஆட்டத்தைக் குறைக்கும், ஆனால் ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வையும் நேராகத் தகட்டிடம் ஒப்படைத்துவிடும். தகட்டுக்குப் பலம் கொடுத்த பிறகு போடலாம். அலுமினியப் புஷ், மேல்கம்பி இல்லாத காரில் வேண்டவே வேண்டாம்.

பிஎம்டபிள்யூவின் இன்னொரு காரான இசட்3-க்கும் இதே நோய் உண்டா?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

உறவுக்கார நோய். இசட்3-இல் டிஃபரன்ஷியலின் பின்மூடி ஒற்றைக் காதில் தொங்குகிறது. அந்தக் காதைப் பிடிக்கும் பிராக்கெட் டிக்கித் தளத்தில் ஸ்பாட் வெல்டு. கிழிவது அங்கே. டிக்கிக் கார்ப்பெட்டைத் தூக்கினால் தெரியும்.

வியாபாரியிடம் கார் வாங்கி இரண்டு மாதத்தில் விரிசல் தெரிய வந்தால் யாரைப் பிடிப்பது?
– வாசகர், ரீடிங்

விற்றவரை. தயாரிப்பாளருக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பது நேர விரயம். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரிய வந்த பழுது விற்கும்போதே இருந்தது என்றே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பாடு. ஆனால் பழுதுபார்க்க அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அது தவறினால் விலைக்குறைப்பு அல்லது திருப்பிக் கொடுத்தல். ஆறு மாதம் தாண்டினால் நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்.

இருபது வயதுக் காரின் தரத்தை வயதுக்கும் விலைக்கும் ஏற்பவே எடைபோடுவார்கள். தேய்ந்த புஷ்ஷுக்கு வாதாட முடியாது, கிழிந்த தளத்துக்கு முடியும். விற்குமுன் விரிசலைக் காட்டி எழுதி வாங்கியிருந்தால் அதுவும் முடியாது. கார் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்து, முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம். வியாபாரி கடையை மூடிவிட்டாலும் இந்த வழி திறந்திருக்கும்.

தனி நபரிடம் வாங்கியவருக்கு இவற்றில் பெரும்பாலானவை இல்லை. விளம்பரத்தில் "தளம் வலுவூட்டப்பட்டது" என்று எழுதி, அது பொய்யாக இருந்தால் மட்டும் பிடி உண்டு. ஆகவே அந்த விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார் விற்ற அன்று மாலையே அது காணாமல் போய்விடும்.