படத்தில் ஆளில்லை, நிலத்தில் ஆள் இருந்தார்கள்

கேள்வி: டொராண்டோவில் உள்ள ஒண்டாரியோ கலைக்கூடத்துக்கு மகளுடன் போயிருந்தேன். 'ஏழு பேர் குழு' என்று போட்டு, சுவர் சுவராக மரமும் ஏரியும் பாறையும் மாட்டி வைத்திருக்கிறார்கள். காலண்டரில் வரும் படங்கள்தானே இவை? இதற்குப் போய் தேசிய ஓவிய இயக்கம் என்று பெயரா? பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோ, 'பூர்வகுடிகளை மறைத்துவிட்டு வெறும் காட்டை வரைந்தவர்கள் இவர்கள்' என்கிறாள். உங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் சொல்வதில் இல்லை. முதலில் உங்களுடையதைப் பேசி முடித்துவிடுகிறேன்.

காலண்டரைப் பார்த்து அவர்கள் வரையவில்லை. அவர்களைப் பார்த்துத்தான் காலண்டர் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அந்த எழுவரில் ஒருவரான ஏ. ஒய். ஜாக்சன் முன்னின்று, தேசிய கலைக்கூடமும் சாம்ப்சன்–மாத்யூஸ் என்ற அச்சு நிறுவனமும் சேர்ந்து, கனடிய ஓவியங்களைப் பட்டுத்திரை அச்சில் பெரிய பிரதிகளாக எடுத்தன. அவை ராணுவ முகாம்களுக்குப் போயின. பிறகு பள்ளிக்கூடம், வங்கி, அலுவலகம் என்று நாடு முழுக்கத் தொங்கின. ஒரு தலைமுறையே அவற்றைப் பார்த்து வளர்ந்தது. இன்று நமக்கு அவை பழகிப்போய்த் தெரிவதற்கு இதுதான் காரணம். பழகிப்போனதாலேயே ஒரு படம் சாதாரணமாகிவிடாது.

வெளிவந்த நாளில் அவை வாங்கிய அடியைப் பாருங்கள். 1913-ல் ஒரு டொராண்டோ பத்திரிகை, இந்த ஓவியர்களின் பாணிக்குச் 'சுடுகூழ்' என்று பெயர் வைத்துக் கிழித்தது. 1916-ல் ஜே. ஈ. எச். மெக்டொனால்ட் தன் வீட்டுத் தோட்டத்துச் சூரியகாந்திகளைத் தலை கவிழ்ந்த நிலையில், நிறம் கொட்டி வரைந்து வைத்தபோது, விமரிசகர்கள் அதைத் தங்களுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஏன் இத்தனை கோபம்? கனடாவின் பணக்காரர்கள் அப்போது காசு கொடுத்து வாங்கியது டச்சு நாட்டுப் பனிமூட்டத்தையும் அங்கே மேயும் பசுக்களையும். தங்கள் வீட்டு வாசலிலிருந்து ஒரு நாள் ரயில் தூரத்தில் இருந்த காட்டையும் பாறையையும், படம் வரையத் தகுதியானவை என்று அவர்கள் நினைக்கவே இல்லை. அந்த எண்ணத்தை உடைத்ததுதான் இவர்கள் செய்த முதல் காரியம்.

அவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் படம் போட்டவர்கள். மெக்டொனால்ட், லிஸ்மர், வார்லி, கார்மைக்கேல், ஜான்ஸ்டன் எல்லாரும் 'கிரிப்' என்ற டொராண்டோ விளம்பர நிறுவனத்தில் எழுத்தும் சித்திரமும் போட்டுப் பிழைத்தவர்கள். 1913 ஜனவரியில் மெக்டொனால்டும் எழுவரில் இன்னொருவரான லாரன் ஹாரிஸும் எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய், ஸ்காண்டிநேவிய ஓவியர்களின் கண்காட்சியைப் பார்த்தார்கள். பனியும் பைன் மரமும் குளிர்ந்த ஏரியும் அங்கே பெரிய கலையாகத் தொங்கின. நம்மிடமும் இதெல்லாம் இருக்கிறதே என்ற நினைப்போடு திரும்பினார்கள். 'தேசிய' இயக்கத்தின் பொறி பக்கத்து நாட்டில், வேறொரு நாட்டுக்காரர்களின் படங்களைப் பார்த்தபோது விழுந்திருக்கிறது. கலையில் இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அதே கிரிப்பில் வேலை பார்த்த இன்னொருவர் டாம் தாம்சன். எழுவர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. குழு 1920-ல் அந்தப் பெயரில் முதல் கண்காட்சி வைத்தபோது அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 1917 ஜூலையில், அல்கோன்கின் பூங்காவின் கனூ ஏரியில், 39 வயதில் போனார். அது விபத்தா கொலையா என்று நூறு வருடமாகக் கதை கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கதைகள் அவருடைய படங்களின்மேல் விழுந்த நிழல் என்பது என் எண்ணம். அவர் விட்டுப்போன பலகைகளைப் பாருங்கள், போதும்.

பலகை என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏறக்குறைய எட்டரை அங்குலத்துக்குப் பத்தரை அங்குலம், அவ்வளவுதான். ஒரு பள்ளி நோட்டைவிடச் சற்றுப் பெரியது. ஒரு சிறு மரப்பெட்டி. மூடியில் பலகையைச் செருகி, மடியில் வைத்துக்கொண்டு வரையலாம். படகில் உட்கார்ந்தபடியே வரையலாம். மேகம் நகர்வதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் அவர் தூரிகை தயங்குவதில்லை. வைத்த வண்ணத்தை மறுபடி தொடுவதில்லை. சில இடங்களில் பலகையின் மர நிறத்தையே அப்படியே விட்டுவிடுகிறார். உங்கள் கலைக்கூடத்தில் 'மேற்குக் காற்று' என்ற பெரிய கேன்வாஸ் இருக்கிறது. அதற்கு மூலமான சிறு பலகையும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை இரண்டையும் பாருங்கள். அதன் பிறகும் காலண்டர் என்ற சொல் உங்கள் வாயில் வருமா, பார்ப்போம்.

ஒட்டாவாவின் தேசிய கலைக்கூடத்தில் இருக்கும் தாம்சனின் 'ஜாக் பைன்' (ஒரு வகைப் பைன் மரம்) இன்னும் அழுத்தமானது. 1916-ல் தாம்சன் அல்கோன்கின் பூங்காவில் கிராண்ட் ஏரிக்கரையில் தீக்காவலராக வேலை பார்த்தார். அங்கே பார்த்த ஒரு மரத்தை, அந்தக் குளிர்காலத்தில் டொராண்டோவில் உட்கார்ந்து, நாலடிக்கும் அதிக அகலத்தில் வரைந்தார். வானத்தையும் ஏரியையும் படுக்கைவசமாக, பட்டை பட்டையாக அடுக்கியிருக்கிறார். மரம் அழகான மரமே அல்ல. தொங்கிப்போன கிளைகள், காற்றில் அடிபட்ட உடம்பு. கேன்வாஸில் முதலில் பூசிய சிவப்பு, மரத்தின் விளிம்பெங்கும் இடையிடையே எட்டிப் பார்க்கிறது. குளிர்ந்த நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் அந்தச் சிவப்புதான் மரத்துக்கு உயிர் கொடுக்கிறது. இது கனடா என்ற நாட்டின் படமல்ல. ஓர் ஏரிக்கரையில், ஒரு சாயங்காலத்தில், ஒரு மரம். அதன் பலமே அதுதான்.

பிறகு எப்படி அது தேசமாயிற்று? நல்ல படம் வரைந்தால் மட்டும் இயக்கம் உண்டாகாது. பணம் வேண்டும். ஹாரிஸ், மாஸி–ஹாரிஸ் என்ற விவசாயக் கருவி நிறுவனக் குடும்பத்து வாரிசு. அவரும் மெக்கல்லம் என்ற கண் மருத்துவரும் பணம் போட்டு, 1914-ல் டொராண்டோவில் ஓவியர்களுக்கென்றே ஒரு கட்டடம் கட்டினார்கள். தாம்சன் அதன் பின்புறத்துக் கொட்டகையில் குடியிருந்தார். தேசிய கலைக்கூடத்தின் இயக்குநர் எரிக் பிரவுன், எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அரசுப் பணத்தில் இவர்கள் படங்களை வாங்கினார். நடுவில் ஒரு போர். ஜாக்சன் 1916-ல் போர்முனையில் காயம்பட்டவர். அவரும் வார்லியும் பிறகு அரசின் போர் ஓவியர்களாகக் குண்டு விழுந்து கருகிய மரங்களை வரைந்தார்கள். 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொடுத்த நாடு, பிரிட்டனின் பிள்ளை என்ற பெயர் போதாமல், தனக்கென ஒரு முகம் தேடிய காலம் அது. 1924-ல் லண்டன் வெம்ப்ளி கண்காட்சியில் ஆங்கிலேய விமரிசகர்கள் பாராட்டினார்கள்; டேட் கலைக்கூடம் ஜாக்சனின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகப் படத்தை வாங்கியது. எஜமானன் ஊரில் மெச்சிய பிறகுதான் சொந்த ஊர் மெச்சியது. காலனி நாட்டுக்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன்.

அவர் சொல்வது சரி. அல்கோன்கின் என்பது ஒரு பூர்வகுடியின் பெயர். பூங்காவின் பெயரிலேயே அந்த மக்கள் இருக்கிறார்கள், படத்தில் இல்லை. எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் விட்டுக்கொடுக்காத நிலம் அது. அதற்கான உரிமைக் கோரிக்கை இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. ஹாரிஸும் நண்பர்களும் 1918-லிருந்து ஒண்டாரியோவின் வடக்கே உள்ள அல்கோமா காடுகளுக்குப் போனது எப்படி? ரயில்வே கொடுத்த ஒரு சரக்குப் பெட்டியில். அடுப்பும் படுக்கையும் வைத்து, பக்கத் தண்டவாளத்தில் கழற்றிவிடுவார்கள். அங்கிருந்து படகெடுத்துப் போய் வரைவார்கள். மரத்துக்காகவும் கனிமத்துக்காகவும் போட்ட ரயில் பாதை அது. அந்தப் பாதையில் போய்விட்டு, மனிதக் கால் படாத வடக்கு என்று பேசினார்கள். ஹாரிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். நம் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் டொராண்டோ கிளையில் உறுப்பினர் அவர். வடக்கின் பனி ஆன்மாவைச் சுத்தப்படுத்தும், அதிலிருந்து ஒரு புதிய தேசம் பிறக்கும் என்று நம்பி எழுதினார். ஆளில்லாத மலை அவருக்குத் தத்துவமாகத் தேவைப்பட்டது. அதில் அல்கோன்கின் மக்களுக்கும், இன்னொரு பூர்வகுடியான ஓஜிப்வே மக்களுக்கும் இடமில்லை.

1927-ஐ மட்டும் மகளுடன் சேர்ந்து படித்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஒட்டாவாவின் தேசிய கலைக்கூடம், மேற்குக் கரைப் பூர்வகுடிகளின் முகமூடிகளையும் செதுக்குவேலைகளையும் வெள்ளைக்கார ஓவியர்களின் படங்களோடு சேர்த்துக் கண்காட்சி வைத்தது. பூர்வகுடிகள் குலச்சின்னங்களைச் செதுக்கி நட்ட குலக்கம்பங்களையும் கடலோரக் கிராமங்களையும் வரைந்துவிட்டு, வாங்க ஆளில்லாமல் விக்டோரியாவில் வாடகை வீடு நடத்திக்கொண்டிருந்த எமிலி கார், 55 வயதில் அங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தார். ஹாரிஸ் அவரைத் தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டார். அதே 1927-ல், பூர்வகுடிகள் தங்கள் நில உரிமைக்கு வழக்காடப் பணம் திரட்டக் கூடாது என்று அதே தலைநகரம் சட்டம் போட்டது. அந்த முகமூடிகளை அணிந்து ஆடும் பாட்லாட்ச் விழா அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே தடை செய்யப்பட்டிருந்தது. இரண்டு தடைகளும் 1951 வரை நீடித்தன. முகமூடி சுவரில் தொங்கலாம், அதைச் செய்தவன் கோர்ட்டுக்குப் போகக் கூடாது! இந்த அநியாயத்தைத் தெரிந்துகொண்டு பார்க்கும் பெண், தெரியாமல் பார்ப்பவரைவிடக் கூர்மையாகப் பார்க்கிறாள். அவளை அடக்காதீர்கள்.

ஆனால் மகளிடமும் ஒன்று சொல்வேன். குற்றத்தை உரிய இடத்தில் வைக்க வேண்டும். தாம்சன் வெறும் காட்டை மட்டும் வரையவில்லை. ஆற்றில் கட்டைகளை ஓட்டும் தொழிலாளர்களை வரைந்தார்; நெருப்பில் வெந்த நிலத்தை வரைந்தார். ஹாரிஸ் டொராண்டோவின் ஏழை வீடுகளை வருடக்கணக்கில் வரைந்தவர். 1925-ல், சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த சமயத்தில் கிழக்குக் கரையில் இருக்கும் கேப் பிரெட்டன் தீவுக்குப் போய், கல்லறை வரிசை போல் நிற்கும் தொழிலாளர் குடியிருப்புகளை வரைந்தார். பள்ளிச் சுவருக்கும் வங்கிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் இவை அல்ல, பனியும் பைனும்தான். ஒரு குறிப்பிட்ட இடத்தை, அங்கே நின்று, கண்ணால் பார்த்து வரைந்தபோது இவர்கள் பெரிய ஓவியர்கள். நாடு முழுவதற்கும் பேசப் புறப்பட்டபோது பொய் சொன்னார்கள்; நாடும் அந்தப் பொய்யையே அதிகம் விரும்பியது. படத்தையும் அந்தப் பேச்சையும் பிரித்துப் பார்க்க மகளால் முடியும் என்றுதான் அவர் சொன்னதிலிருந்து எனக்குப் படுகிறது.

உங்கள் வீட்டிலிருந்து கார் ஓட்டிப் போகும் தூரத்தில் கிளைன்பர்க் இருக்கிறது. அங்குள்ள மெக்மைக்கேல் கலைக்கூடத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். எழுவரில் சிலரின் கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன. தாம்சன் குடியிருந்த கொட்டகையையும் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஓஜிப்வே ஓவியர் நோர்வல் மோரிசோ 1979-ல் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்துதான் வரைந்தார். 1973-ல் அவரும் டாஃப்னி ஓட்ஜிக்கும் மற்றவர்களுமாக ஏழு பூர்வகுடி ஓவியர்கள் சங்கமாகச் சேர்ந்தபோது, அவர்களைப் 'பூர்வகுடி எழுவர்' என்று பத்திரிகைகள் அழைத்தன. அவர்களுடைய நிலக்காட்சியில் ஆள் உண்டு, விலங்கு உண்டு, மூதாதை உண்டு; எல்லாரையும் இணைத்துக் கறுப்புக் கோடுகள் ஓடும். முதலில் மோரிசோவைப் பார்த்துவிட்டு, பிறகு தாம்சனின் பலகைகளுக்குப் போகச் சொல்லுங்கள். வந்ததும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.