2.7 எஞ்சினைக் கழற்றிவிட்டு எதைப் போடுவது?

1975 போர்ஷே 911, அதன் 2.7 லிட்டர் எஞ்சினில் ஹெட் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் மரைக் கம்பி) பிடுங்கிக்கொண்டது, பிந்தைய 911-இன் 3.6 லிட்டர் எஞ்சினைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த 2.7-இன் கேஸ் (எஞ்சினின் அடிப்படைக் கூடு) மக்னீசியம். சூட்டில் ஸ்டட்டின் மரை இளகுவது அதன் பிறவிக் குணம். நல்ல மெஷின் ஷாப்பில் இன்சர்ட் (புது மரை கொண்ட உலோக உறை) போட்டால் பிழைத்துக்கொள்ளும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு 1978–83-இல் வந்த 911 எஸ்சி மாடலின் 3.0 லிட்டர் எஞ்சினுக்கு. அலுமினியம் கேஸ், உங்கள் 915 கியர்பாக்ஸோடு ஒத்துப்போகும். ஃப்ளைவீலை (எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் பூட்டும் கனமான சக்கரம்) மட்டும் கவனியுங்கள்: 2.7 கிராங்க்கில் 6 போல்ட், 3.0-இல் 9. பழையது உட்காராது. 3.0-இல் பழைய செயின் டென்ஷனர் (டைமிங் செயினை இறுக்கி வைப்பது) இருந்தால் 1984-இல் வந்த, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகைக்கு மாற்றுங்கள். குளிர்ந்த எஞ்சின் ஒருமுறை பின்னோக்கி வெடித்தாலே அதன் பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ் (காற்று உள்ளே போகும் பெட்டி) பிளந்துவிடும். அந்த அழுத்தத்தை வெளியே விடும் பாப்-ஆஃப் வால்வு இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து வந்த 3.2 லிட்டர் எஞ்சின் என்றால் மோட்ரோனிக் (எரிபொருளையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு) வயரிங், ஃப்யூவல் பம்ப் எல்லாம் சேர்ந்து வரும். 3.6-இன் இழுவை 915-க்கு அதிகம். அப்புறம் கியர்பாக்ஸ், பிரேக் என்று செலவு நீளும்.

முன்பக்க ஆயில் கூலர் இல்லாமல் எதையும் ஓட்டாதீர்கள். கழற்றிய 2.7-ஐ விற்காதீர்கள், கேஸ் எண் வண்டியோடு பொருந்துவதுதான் நாளைக்கு மதிப்பு.